புவனேஸ்வரி மறைக்காத பெயர்

பாகூர்க் கடைத்தெருவில் நவநீதன் மளிகை எங்கே என்று கேட்டால் பெரியவர்கள் வழி காட்டுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியாது. அவர்களுக்கு அது புவனாக்கா கடை. ஒரே கூரை, ஒரே ஷட்டர். இடப்பக்கம் துவரம்பருப்பும் கடலை எண்ணெயுமாக நவநீதன். வலப்பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் சார்ஜர், இயர்போன், பின்கவர், ரீசார்ஜ் என்று அவன் மனைவி புவனேஸ்வரி.

புவனேஸ்வரி கரியமாணிக்கத்தில் நெல் பயிரிடும் குடும்பத்துப் பெண். பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமாகி இந்த வியாபாரக் குடும்பத்துக்கு வந்தாள். பல வருஷம் வீடும் சமையலுமாகப் போனது. கொரோனாவில் பள்ளிக்கூடம் போனுக்குள் குடியேறியபோதுதான் அவளுக்கு இந்தத் தொழில் பிடிபட்டது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து அம்மாக்கள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கிளாஸ் வரவில்லை, சத்தம் கேட்கவில்லை, டேட்டா தீர்ந்துவிட்டது என்று ஆளுக்கொரு குறை. முதலில் தன் மகளிடம் கேட்டுக் கேட்டுச் செய்தாள். பிறகு கேட்காமலே செய்தாள். மகள் இப்போது காரைக்காலில் நர்சிங் படிக்கிறாள். அம்மாவின் கடை நிலைத்துவிட்டது.

பிடிவாதக்காரி என்று ஊரில் பெயர். ஒருமுறை ஒருவர் தன் மனைவியின் போனைக் கொண்டுவந்து, லாக்கை எடுத்துக் கொடு என்றார். போனுக்குச் சொந்தக்காரி வந்து கேட்டால் எடுத்துத் தருகிறேன் என்றாள் புவனேஸ்வரி. அவர் கடைத்தெருவே கேட்கும்படி கத்திவிட்டுப் போனார். "கொஞ்சம் வளைஞ்சு குடுத்தாதான் இன்னா?" என்றான் நவநீதன். "வளைஞ்சா நாளைக்கு எந்தப் பொம்பளையும் நம்பிப் போனக் குடுக்கமாட்டா. கல்லாவும் சேந்து வளையும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைப் பார்த்தாள்.

தை மாதக் கடைசி. கரும்பு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு மணி அடித்த நேரம், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தனியாக வந்து கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரையாம்புத்தூர் ஏகநாதனின் மகள் கீதாஞ்சலி. பொதுவாக நாலு தோழிகளோடு சிரித்துக்கொண்டு வருகிற பெண்.

"அக்கா, சிம்மு மாத்தணும். வேற நம்பரு வேணும்."

"யாரு பேர்ல இருக்குது?"

"அம்மா பேர்ல."

"அப்ப அம்மா வரணும்மா. ஆதாரோட."

"அவங்க கழனிக்குப் போயிருக்காங்க." அவள் குரலைத் தணித்தாள். "இந்த சிம்ம ஒடைச்சிப் போட்டுட்டா வாட்சப்பும் போய்டுமாக்கா?"

நம்பர் தொலைந்துவிட்டதே என்று அழுதுகொண்டு வருகிறவர்களைத்தான் புவனேஸ்வரி பார்த்திருக்கிறாள். நம்பரைத் தொலைக்க வழி கேட்டு ஒரு பிள்ளை வந்தது இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அதிர்ந்தது, நிற்காமல் மறுபடியும் மறுபடியும் அதிர்ந்தது. கீதாஞ்சலி அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நெருப்பைத் தொட்டவள் போல விரல்களை இழுத்துக்கொண்டாள்.

"போவாதும்மா. சிம்மு ஒடைஞ்சாலும் அது இருக்கும். யாராவது மெரட்றாங்களா?"

"இல்லக்கா." அவ்வளவுதான். அவள் போய்விட்டாள்.

அன்று முழுக்கப் புவனேஸ்வரிக்கு வேலை ஓடவில்லை. கூப்பிட்டு விசாரித்தால் பெண் இன்னும் ஒடுங்கிவிடுவாள். வீட்டுக்குப் போன் போட்டாலோ, அந்தப் போனே பெண்ணின் கையில்தான் இருக்கிறது. யோசித்துப் பார்த்து, மறுநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு ஒரு புதுப் பின்கவரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். கீதாஞ்சலியின் போன் கவர் மூலையில் உடைந்திருந்ததை அவள் கவனித்திருந்தாள்.

"ஒடைஞ்ச கவரோட எத்தினி நாளு வச்சிருப்ப? வா, மாட்டி வுடறேன்."

கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் இடத்தில் ஃபேனைப் போட்டு உட்கார வைத்தாள். கவரை மாட்டினாள். மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் திட்டமாட்டேன். உங்க அப்பாகிட்ட ஓடிப்போய் சொல்லவும் மாட்டேன். சொல்லணும்னு வந்தா உன்ன வச்சிகினுதான் சொல்லுவேன்."

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் அழுதாள்.

நடந்தது இது. போனில் ஒரு விளையாட்டு, நம்பரை வைத்தே அதில் ஆளைத் தேடிச் சேர்த்துக்கொள்ளலாம். அதில் ஷாலு என்று ஒருத்தி சிநேகிதமானாள். பாண்டியில் பத்தாவது படிக்கிறேன் என்றாள். கணக்கு டீச்சர் திட்டுவது, தம்பியோடு சண்டை, பிடித்த ஐஸ்கிரீம் என்று எல்லாவற்றையும் பேசினாள். மாதக்கணக்கில் பழக்கம். பேச்சு விளையாட்டிலிருந்து வாட்சப்புக்கு நகர்ந்தது. பொங்கலுக்குப் புதுப் பாவாடை தாவணி கட்டி எடுத்த படங்களைக் கீதாஞ்சலி அனுப்பினாள். சில நாளில் அவள் முகத்தை வேறு எதனோடோ ஒட்டிய ஒரு படம் திரும்பி வந்தது. சனிக்கிழமை கடற்கரைக்குத் தனியாக வர வேண்டும், வராவிட்டால் இந்தப் படம் வகுப்பு குரூப்புக்குப் போகும், அப்பாவுக்கும் போகும் என்று கூடவே ஒரு செய்தி. ஷாலு பெண்ணே இல்லை.

"படத்த எனக்குக் காட்டாத. எனக்கு அது வேணாம்" என்றாள் புவனேஸ்வரி. "அவன் எழுதனத மட்டும் காட்டு."

"நான்தாங்கா தப்பு. நான்தான் போட்டோ அனுப்ச்சேன்."

"புதுத் துணி கட்டிகினு படம் எடுத்து சிநேகிதிக்கு அனுப்ச்சது தப்பாடி? பொய் சொன்னவன் தப்பு. வெட்டி ஒட்டனவன் தப்பு. நீ இன்னா பண்ண?"

கீதாஞ்சலி எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றாள். விரல் அந்த இடத்துக்கே போய்விட்டது. புவனேஸ்வரி அவள் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள். "அழிக்காத. அழிச்சா அவனுக்குத்தான் நல்லது. பதிலும் போடாத. ஒண்ணொண்ணா ஸ்கிரீன்ஷாட் எடு. நம்பரு தெரியற மாதிரி, தேதி தெரியற மாதிரி." இருவரும் சேர்ந்து எடுத்தார்கள். பிறகு புவனேஸ்வரி தன் போனிலிருந்து குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்தாள். அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டாள். எதையும் அழிக்க வேண்டாம், சனிக்கிழமை எங்கும் போக வேண்டாம், பெற்றோருக்குச் சொல்லி சைபர் போலீசில் புகார் கொடுங்கள் என்றாள்.

பெற்றோர் என்ற சொல்லைக் கேட்டதும் கீதாஞ்சலி எழுந்து நின்றுவிட்டாள். "எங்கப்பா ஸ்கூல நிறுத்திடுவாருக்கா."

"நிறுத்த வுடமாட்டேன்" என்றாள் புவனேஸ்வரி. அதை எப்படிச் செய்வது என்று அப்போது அவளுக்கே தெரியாது.

நவநீதனிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் பெண்ணை ஏற்றிக்கொண்டு கரையாம்புத்தூர் போனாள். ஏகநாதன் கரும்புக் கொல்லையில் லாரிக்குக் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். மனைவி விசாலாட்சி காய்ந்த கரும்புச் சோகையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். புவனேஸ்வரி இருவரையும் வரப்போரம் தனியாக அழைத்து, கீதாஞ்சலியைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள்.

ஏகநாதன் பாதியிலேயே கையை ஓங்கிக்கொண்டு வந்தார். புவனேஸ்வரி நகரவில்லை. ஓங்கிய கை அவள் மேல்தான் விழ வேண்டும் என்கிற இடத்தில் நின்றாள். கை இறங்கியது.

"அந்தப் போன இங்க குடு. ஒடைச்சி அடுப்புல போடறேன். நாளைலேர்ந்து ஸ்கூலும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். வூட்லியே கெடக்கட்டும்."

"ஏண்ணே, கொல்லையில பன்னி பூந்தா பன்னியத் தொரத்துவீங்களா, கரும்பக் கொளுத்துவீங்களா?"

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"அவ நம்மகிட்ட வந்து சொன்னா பாருங்க, அதுதான் நம்ம அதிஷ்டம். இப்ப அடிச்சீங்கன்னா இனிமே எதுவும் சொல்லமாட்டா. அவனுக்கு வேண்டியதும் அதேதான்."

"வெளிய தெரிஞ்சா மானம் போவும்மா. பொட்டப்புள்ள."

"மானம் போறதா இருந்தா அவனுக்குப் போவட்டும்."

விசாலாட்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மகளின் தோளைத் தொட்டாள். "சிம்மு என் பேர்லதான இருக்குது? நான் வர்றேங்கா. எப்ப போவணும்?"

மறுநாள் காலை அம்மா, மகள், புவனேஸ்வரி மூவரும் பாண்டிக்குப் போனார்கள். சைபர் போலீசில் சுவேதா என்கிற சப்-இன்ஸ்பெக்டர், சாதாரணச் சுடிதாரில் இருந்த சின்ன வயதுப் பெண். கீதாஞ்சலியை அம்மாவோடு தனி அறையில் உட்கார வைத்துப் பேசினாள். எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்களைப் பார்த்துவிட்டு, "இத்தனையும் பத்திரமா வச்சிருக்கீங்களே, பாதி வேலை முடிஞ்சிது" என்றாள். அதைக் கேட்டுக் கீதாஞ்சலி முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். சனிக்கிழமை அவள் எங்கும் போகவில்லை. படமும் எந்தக் குரூப்புக்கும் வரவில்லை.

அடுத்த வாரம் சப்-இன்ஸ்பெக்டர் மறுபடி அழைத்தாள். விசாலாட்சி தனியாகப் போகத் தயங்கியதால் புவனேஸ்வரியும் கூடப் போனாள்.

"நம்பர் யார் பேர்ல இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டோம். ஐம்பது வயசுக்காரர். வில்லியனூர். மணவாளன்னு பேரு, பாத்திரக்கடை வச்சிருக்கார். உங்களுக்கு யாராவது தெரிஞ்சவங்களா?"

விசாலாட்சி உதட்டைப் பிதுக்கினாள். புவனேஸ்வரிக்கு அந்தக் கடை தெரியும்.

மணவாளன் அவள் நாத்தனார் கோகிலாவின் புருஷன். போனில் நம்பரைத் தேடக்கூடத் தெரியாத மனிதர். கூப்பிட வேண்டுமென்றால் மகனிடம் கொடுத்துத்தான் போடச் சொல்வார். மகன் அரிகரன். புதுச்சேரியில் கல்லூரியில் மூன்றாம் வருஷம். ஒவ்வொரு விடுமுறைக்கும் பாகூருக்கு வந்து மாமன் கடையில் நிற்பான். குழந்தையில் அவனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையால் வீசிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் புவனேஸ்வரி. கடைக்கு வாட்சப் குரூப் ஆரம்பித்துக் கொடுத்ததும் அவன்தான். ரீசார்ஜ் சலுகை, புதுச் சரக்கு, விலை எல்லாம் அதில் போகும். சுற்றுப்பட்டு ஊர்த் தாய்மார்கள் பாதிப்பேர் அதில் இருந்தார்கள். விசாலாட்சியின் நம்பரும் இருந்தது. அதில் முகப்புப் படமாகக் கீதாஞ்சலி சிரித்துக்கொண்டிருந்தாள்.

மணவாளன் என்று வில்லியனூரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். போலீஸ் எப்படியும் கண்டுபிடித்துக்கொள்ளும், நாம் ஏன் வாயைத் திறக்க வேண்டும். இன்னொரு பக்கம், மணவாளனைப் பிடித்துக் கேட்டால் அவர் ஒன்றும் தெரியாமல் விழிப்பார், அதற்குள் பையன் போனைக் குளத்தில் போட்டிருப்பான் என்பதும் தெரிந்தது. இத்தனை நாளாக அந்தப் பெண்ணிடம் எதையும் அழிக்காதே, எதையும் மறைக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தது யார்?

"தெரியும் மேடம்" என்றாள். "என் நாத்தனார் வூடு. அவரு பண்ணியிருக்கமாட்டாரு. அவருக்குப் போன் பேசவே வராது. அந்த சிம்மு அவரு புள்ளகிட்ட இருக்கும். அரிகரன்னு பேரு." குரூப் விஷயத்தையும் சொன்னாள். "என் கடையிலேர்ந்துதான் இவங்க நம்பர எடுத்திருப்பான். வேற யாரோடதும் எடுத்திருக்கலாம். அதையும் பாருங்க."

விசாலாட்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். பாகூரில் இறங்கும்போது விசாலாட்சி அவள் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று புவனேஸ்வரிக்கு அப்போது விளங்கவில்லை. கோபமா, நன்றியா என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தாள்.

மறுநாளே அரிகரனைக் கல்லூரி வாசலில் பிடித்தார்கள். போன் கையில் இருந்தது. ஷாலு என்ற பெயர் அதில் இருந்தது. கீதாஞ்சலி மட்டுமல்ல, இன்னும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஏழாவது படிக்கிற ஒரு பையனும் அதே வலையில் இருந்தார்கள். பையன் பாகூர்தான். அவனுடைய அம்மாவும் அந்தக் குரூப்பில் இருப்பவள்.

அன்று மத்தியானமே கோகிலா வந்துவிட்டாள். தலை கலைந்திருந்தது, காலில் செருப்பில்லை. வீட்டுக்குள் வந்ததும் நவநீதனைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவனும் அழுதான். பிறகு கோகிலா புவனேஸ்வரி பக்கம் திரும்பினாள்.

"நீதான் பேர சொன்னியாமே. அவன் இன்னா உனக்கு எதிரியாடி? உன் கையால சோறு துன்ன புள்ளடி அவன்."

"ஆமா அண்ணி. நான்தான் சொன்னேன்."

"ஏதோ வெளையாட்டுப் புத்தி. நாலு அறை அறைஞ்சா திருந்தப் போறான். படிப்பு போய்டும்டி, வேல கெடைக்காது. அந்த வூட்டுக்காரங்கள நீ போய் கேளு. நீ சொன்னா கேப்பாங்க. எழுதிக் குடுத்தத திரும்பி வாங்கச் சொல்லு."

"கேக்கமாட்டேன்."

"நவநீதா, நீயாவது சொல்லுடா."

நவநீதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். "நமக்கும் ஒரு பொண்ணு இருக்குது புவனா. நாளைக்கு சம்பந்தம் பேச வர்றவன் இதெல்லாம் கேப்பான். ஒரு வார்த்த பேசிப் பாரேன்."

"நமக்கும் ஒரு பொண்ணு இருக்குதுங்க. அதனாலதான் பேசமாட்டேன்." புவனேஸ்வரி கோகிலா பக்கம் திரும்பினாள். "அண்ணி, அதே மாதிரி ஒருத்தன் நம்ம பொண்ண கடற்கரைக்கு வான்னு கூப்ட்டிருந்தா, வெளையாட்டுன்னு சொல்லுவீங்களா? அவன் ஒருத்திகிட்டயா பண்ணான்? நாலு புள்ளைங்க. அதுல ஒண்ணு ஏழாவது படிக்குது. மாசக்கணக்குல சாவகாசமா உக்காந்து பண்ணிருக்கான்."

கோகிலா எழுந்தாள். அழுகை நின்றிருந்தது. "இனிமே எனக்குத் தம்பி வூடு கெடையாது" என்று சொல்லிவிட்டுச் செருப்பில்லாமலே தெருவில் இறங்கினாள். நவநீதன் தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

அவன் திரும்பி வந்து புவனேஸ்வரியிடம் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, பல நாள். கடையில் அவன் பக்கம் அவன், இவள் பக்கம் இவள். சில்லறை வேண்டுமென்றாலும் எழுந்து வந்து எடுத்துக்கொண்டு போவான். புவனேஸ்வரி சமைத்தாள், பரிமாறினாள். சமாதானம் கேட்கவில்லை. தனியாக இருந்தபோது அழுதாள். வேப்பிலை வீசிய அந்த நாட்கள் அவளுக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தன. அந்தக் குழந்தையின் சூடான நெற்றி உள்ளங்கையில் இன்னும் இருப்பது போல இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் குரூப்பைத் திறந்து, அதில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போன் போட ஆரம்பித்தாள்.

"நான் பாகூர் புவனா பேசறேன். என் கடை குரூப்புலேர்ந்து நம்பர எடுத்து எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் பசங்கள தொந்தரவு பண்ணிருக்கான். போலீஸ்ல சொல்லியாச்சு. உங்க புள்ளைங்ககிட்ட ஷாலுன்னு யாராவது பேசனாங்களான்னு கேளுங்க. அடிக்காம கேளுங்க."

சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் அவள் பேச்சை முடிக்கவிடாமல் வைத்துவிட்டார்கள். ஒருத்தி வாய்க்கு வந்தபடி ஏசினாள். எல்லாருக்கும் சொல்லி முடித்த பிறகு குரூப்பைக் கலைத்தாள். வியாபாரம் படுத்துவிட்டது. மளிகை வாங்குகிறவர்கள்கூட எதிர்க்கடைக்குப் போனார்கள். தன் போனில் முகப்புப் படம் வெளியாளுக்குத் தெரியாதபடி மாற்றிவிட்டு, கடைக்கு வருகிறவர்களுக்கும் ஒவ்வொருவராக அதை மாற்றிக் கொடுத்தாள்.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் சூசைநாதன் ஒரு நாள் கடைக்கு வந்தார். பெற்றோர் கூட்டம் வைக்கப்போகிறேன், நீங்கள் வந்து பேச வேண்டும் என்றார்.

"பசங்களையும் கூட உக்கார வைப்பீங்களா சார்? அவங்க இல்லாம பெத்தவங்ககிட்ட மட்டும் சொன்னா, வூட்டுக்குப் போய் போன புடுங்கிக்குவாங்க. அவ்ளோதான் நடக்கும்."

அவர் ஒத்துக்கொண்டார்.

கூட்டத்தன்று பிள்ளைகளும் பெற்றோரும் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். புவனேஸ்வரிக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. மைக்கை ஓரமாக வைத்துவிட்டுப் பேசினாள். முகம் தெரியாதவர் சிநேகிதம் பேசினால் என்ன கேட்பார்கள், எந்த இடத்தில் பேச்சு மாறும், எதையும் அழிக்காமல் எப்படி எடுத்து வைப்பது, 1098 என்ற எண், யாரிடம் போவது எல்லாவற்றையும் கடையில் சொல்வது போலவே சொன்னாள்.

ஒரு அப்பா எழுந்தார். "பசங்க இன்னா பண்றாங்கன்னு எல்லாத்தையும் காட்டற ஆப்பு ஏதாவது இருந்தா போட்டுக் குடும்மா. அது போதும்."

"போட்டுக் குடுக்கறேண்ணே. சின்னப் பசங்களுக்கு அதுவும் வேணும்தான். ஆனா உங்க பொண்ணு சிநேகிதி போன்ல பாத்தா அந்த ஆப்பு இன்னா பண்ணும்? இன்னைக்கு சாயங்காலம் உக்காரவச்சி ஒண்ணு சொல்லுங்க. எது நடந்தாலும் எங்கிட்ட வா, நான் அடிக்கமாட்டேன்னு. சொன்னா போதாது. நெசமாவே அடிக்கக்கூடாது."

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. அருள்மொழி என்கிற உரக்கடைக்காரர். அவர் எழுந்திருக்கவில்லை. "உங்க வூட்டுப் பையனத் திருத்த முடியல. எங்களுக்கு வந்து புத்தி சொல்றீங்களாக்கும்."

சூசைநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். புவனேஸ்வரி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஆமாண்ணே. எங்க வூட்டுப் பையன்தான். எங்க வூட்டுச் சோத்தத் துன்னவன்தான். எனக்கும் தெரியல. நல்லா சிரிச்சிப் பேசுவான், கடையில வேல செய்வான். அதனாலதான் சொல்றேன், எங்கியோ தூரத்துலேர்ந்து வர்றவன்னு நெனச்சிகினு இருக்காதீங்க." நிறுத்திவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும்தான். தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க, யாரா இருந்தாலும் சொல்லலாம். நான் சொன்னேன். எனக்கு கஷ்டமாதான் இருந்துது. ஆனா சொன்னேன்."

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த விசாலாட்சி எழுந்து, "எம் பொண்ணு இவங்களாலதான் இன்னும் ஸ்கூலுக்கு வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தன் பெண்ணுக்குத்தான் நடந்தது என்று அவள் ஊரறியச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் பக்கத்தில் ஏகநாதன் தரையைப் பார்த்தபடி இருந்தார். ஆனால் எழுந்து போகவில்லை. கீதாஞ்சலி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்பக்கக் கதவோரம் நவநீதன் நின்றிருந்ததைப் புவனேஸ்வரி கூட்டம் முடிந்துதான் பார்த்தாள். கடையை யாரிடம் விட்டு வந்தான் என்று கேட்டாள். "சாத்திட்டு வந்தேன்" என்றான். வீடு திரும்பும்போது ஸ்கூட்டியை அவன் ஓட்டினான். ஏரிக்கரை திருப்பத்தில், "அந்த ஏழாவது படிக்கிற பையன் கேஸ்ல கடை பத்தி சாட்சி கேட்டாங்கன்னா நானும் வர்றேன்" என்றான். மன்னிப்பு என்ற சொல் அவர்கள் வீட்டில் புழங்குகிற சொல் இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. போக்சோ வழக்கு என்பதால் வாய்தா, விசாரணை என்று அது தன் வேகத்தில்தான் போகும். அரிகரன் சில மாதம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். கல்லூரி அவனை நீக்கிவிட்டது. கீதாஞ்சலி இப்போது பத்தாவது. போனில் அவள் பழைய விளையாட்டை விளையாடுவதில்லை. ஆனால் போன் அவளிடம்தான் இருக்கிறது. கூட்டம் நடந்த பிறகு அவள் வகுப்பிலிருந்தே வேறு இரண்டு பெண்கள் தங்களுக்கு வந்த மிரட்டலைச் சொல்லிக் கடைக்கு வந்தார்கள். அதில் ஒருத்தி தானாகவே எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள். இருவரையும் அம்மாவோடு அனுப்பி வைத்துப் புகார் கொடுக்கச் செய்தாள் புவனேஸ்வரி. வியாபாரம் பழையபடி முழுசாகத் திரும்பவில்லை, பாதிக்கு மேல் திரும்பியிருக்கிறது.

போன மாதம் கோகிலாவிடமிருந்து போன் வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. நவநீதனைக் கேட்கவில்லை. புவனேஸ்வரியைத்தான் கேட்டாள்.

"உன் புருஷன் பேர்ல கோயில்ல அர்ச்சன பண்ணேன்" என்றாள் கோகிலா. பிறகு, "அவன் வூட்லியே கெடக்கறான். யாரோடயும் பேசறதில்ல. டாக்டர்கிட்ட இட்டுகினு போறோம், பேசறதுக்கு. மாமன் வூட்டுக்கு வந்து ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டுமான்னு கேக்கறான்."

புவனேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே ஒரு அம்மாவும் மகளும் பின்கவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வரட்டும் அண்ணி. நீங்களும் வாங்க. சோறு போடறேன்" என்றாள். "ஆனா கடைக்குள்ள அவன் கால் வைக்கக்கூடாது. போனு எங்கிட்ட குடுத்துடணும். இத அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. கோர்ட்டுல என்ன கூப்ட்டா நான் சொன்னதத்தான் சொல்லுவேன், அதையும் சொல்லிடுங்க."

"நீ மாறமாட்ட" என்றாள் கோகிலா. அவள் கோபத்தில் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கெழம வாங்க. கோழி எடுக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் புவனேஸ்வரி போனை வைத்தாள். பின்கவர் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் திரும்பி, "யாருக்கும்மா போனு, உங்களுக்கா பாப்பாவுக்கா?" என்று கேட்டாள்.